காற்றோட்டம்: ஆம்

நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிப்பேன். வெந்நீர் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்வதில்லை. அதில் குளித்து முடித்ததும் தூக்கத்தில் கண் செருகும். எட்டு வருஷமாக கேஸ் கீசர் விற்றுப் பிழைத்தவன் வாயிலிருந்து இது வருவது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். செருப்புக் கடைக்காரர் கடையிலுள்ள அத்தனை செருப்பையும் போட்டுக்கொண்டா நடக்கிறார்?

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நடுவில் நான் எதையாவது விட்டுவிட்டதாகத் தோன்றினால் கேளுங்கள். விடமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குப் பேச வராது. அழைப்பு மணியை அழுத்திவிட்டு, உள்ளே ஆள் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நிற்பேன். கதவு திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் ஒன்றுகூட விற்கவில்லை. என் மனைவி ஒருநாள் காலையில் நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இந்த மூஞ்சியோட போனா நீங்களே உங்ககிட்ட வாங்க மாட்டீங்க" என்றாள். கேலிதான். அவள் கேலிசெய்தால் வலிக்காது.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தார். "தம்பி, நீ விக்கப் போறேன்னு நினைக்காத. அந்த வீட்ல என்ன தேவைன்னு கேக்கப் போற. கேட்டுட்டு வா. அவ்வளவுதான் வேலை" என்றார்.

அதற்கு மறுவாரம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற ஒருவர் வீட்டுக்குப் போனேன். வாங்குகிற முடிவோடுதான் இருந்தார். குளியலறையைக் காட்டினார். நாலு பக்கமும் உள்சுவர், ஜன்னல் கிடையாது. அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் நச்சுவாயு சேரும் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது, ஆள் உட்கார்ந்த இடத்திலேயே போய்விடுவார் என்று. "இந்த இடத்துல வைக்க முடியாதுங்க. வச்சா ஆபத்து" என்று சொல்லிவிட்டேன். அவர் உடனே போனை எடுத்துத் தன் மருமகனுக்கும் தங்கைக்கும் பேசினார். அந்த வாரத்தில் அந்த இரண்டு வீட்டிலும் விற்றேன்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் தோள் நிமிர்ந்திருந்ததை நானே கவனித்தேன். தன்னம்பிக்கை என்றால் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்றேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அதன் பிறகு கதவு திறக்கும்போது பயம் வரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜன்னலைப் பற்றி எனக்குத் தெரியாது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியும். என் முதல் விற்பனையே அதனால் வந்ததுதான்.

பிறகு எப்போது மாறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பால் எந்த நிமிஷத்தில் தயிரானது என்று யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? மூன்றாம் வருஷம் கிளையில் முதல் இடத்துக்கு வந்தேன். நாலாம் வருஷத்திலிருந்து வேறு யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் எத்தனை விற்றார், எத்தனை திரும்பி வந்தது என்று எழுதியிருக்கும். திரும்பி வந்தது என்ற கட்டம் என் பெயருக்கு எதிரே நாலு வருஷமாகக் காலியாகவே இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களை மேனேஜர் அந்தப் பலகையின் முன்னால் நிறுத்திக் காட்டுவார். நான் குனிந்து ஏதாவது எழுதுவதுபோல் இருப்பேன்.

வேண்டாம் என்று சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், வேண்டும் என்று சொல்ல ஒரு காரணத்தைக் கேட்கிறார்கள். அந்தக் காரணத்தைக் கொடுத்துவிட்டால் போதும். மீதிக் கால்வாசிப் பேர் இருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு ஆசை. சுலபமாக ஒத்துக்கொள்கிற வீட்டிலிருந்து வெளியே வந்தால் சாப்பிட்டும் பசி அடங்காத மாதிரி இருக்கும்.

வீட்டிலும் இது தெரிந்திருக்கிறது. மனைவி ஒருநாள் சொன்னாள்: "முன்னாடியெல்லாம் நீங்க என்னை ஏதாவது கேப்பீங்க. இப்ப நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பதில் சொல்லிடறீங்க." நான் அதற்கும் ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவள் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனது ஞாபகம் இருக்கிறது.

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜையில் ஒரு பெண் உண்டு. சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் போனில் வாடிக்கையாளரிடம், "எனக்குத் தெரியலைங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்வதை அடிக்கடி கேட்பேன். ஒருநாள் தேநீர் நேரத்தில் அவளிடம், "தெரியலைன்னு சொல்லாத. அவங்களுக்கு நம்பிக்கை போயிடும்" என்றேன்.

"தெரியலைன்னு சொல்லி இன்னைக்குப் போற நம்பிக்கை, சொல்லாம விட்டா நாளைக்கு எப்படியும் போகும் சார்" என்றாள். பிறகு, "உங்களுக்குக் கடைசியா எப்ப சார் ஒரு விஷயம் தெரியாமப் போச்சு?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் என்னைப் பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வயது ஐம்பதுக்குள் இருக்கும். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி, வாடகை வீடு. அந்தக் கட்டடத்தில் மூன்று வீடுகளுக்கு ஏற்கெனவே விற்றிருந்தேன். அவற்றுக்கெல்லாம் தெருப் பக்கம் ஜன்னல் உண்டு. இது பின்பக்க வீடு. நடையின் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்கியிருந்தார்கள். உயரத்தில் இருந்த சின்ன ஜன்னலைப் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் அடைத்துவிட்டது. காற்று போக வர இருந்த ஒரே வழி கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வந்ததற்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நம்புங்கள், அப்படித்தான் நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. எங்க வீட்டுக்கு இது சரிப்படாது" என்றார்.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

"ஏம்மா சரிப்படாதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த விளம்பரத் தாளை வாங்கினார். பெரிய எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. மடிப்புக்குப் பின்னால், கடைசி வரியில் விரலை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த வரியைப் படித்த வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான். "காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டும் பொருத்தவும்னு போட்டிருக்கு. இதுல 'மட்டும்'னு ஒரு சொல் இருக்கே. சும்மாவா போட்டிருப்பாங்க?" என்றார்.

உள்ளறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, அவரையாவது விடு. நீ பஸ் டிக்கெட்லகூட ஒற்றுப்பிழை கண்டுபிடிக்கிற ஆளு."

நான் சிரித்தேன். என்னால் அந்த வீட்டைவிட்டு வெளியே வர முடியவில்லை. யாரும் பிடித்து வைக்கவில்லை. ஒரு நல்ல கேள்வியைப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டுப் போவது எனக்கு அப்போதெல்லாம் உடம்பு சரியில்லாததுபோல் இருக்கும்.

சட்டத்துக்காக எல்லாத் தாளிலும் அப்படி ஒரு வரி போடுவார்கள் என்றேன். மருந்துப் புட்டியில் நாற்பது பக்கவிளைவு போட்டிருந்தாலும் நாம் குடிக்கிறோமா இல்லையா என்றேன். காற்றோட்டம் என்றால் ஜன்னல் என்று அர்த்தமில்லை, கதவுக்குக் கீழே இருக்கிற இடைவெளியே போதும் என்றேன். இந்தக் கடைசி வார்த்தையை நான் நம்பவில்லை. ஆனால் நம்புகிறவன் குரலில் சொல்ல எனக்குத் தெரியும். அவர் யோசித்துவிட்டு இரண்டாவது முறையும் வேண்டாம் என்றார். அடுத்த வாரம் போனேன். மூன்றாவது முறையும் வேண்டாம் என்றார், ஆனால் இந்தத் தடவை மகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் தினமும் காலையில் அடுப்பில் தண்ணீர் காயவைத்து, கொதிக்கிற பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்பதை அதற்கு முந்தின வாரமே கவனித்து வைத்திருந்தேன். முழங்கையில் ஒரு தழும்பு இருந்தது.

"அந்தப் பாத்திரம் ஒருநாள் கைதவறினா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் தொழில்தான்.

வாங்கினார்.

பொருத்துவதற்கு வந்தவர் எங்கள் மெக்கானிக். சட்டைப் பையில் எப்போதும் ஸ்பேனர் குத்தியிருப்பதால் அவரை எல்லோரும் ஸ்பேனர் என்றே கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது பெரியவர். குளியலறைக்குள் போனவர் உடனே வெளியே வந்து என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், இது ஆகாது. உள்ள காத்தே இல்ல."

"கதவுக்குக் கீழ இருக்குல்ல அண்ணே."

"அது பூனை மோந்து பாக்கத்தான் ஆகும். ஆள் குளிக்க ஆகாது. நான் மாட்ட மாட்டேன்."

அவருக்கு மூன்று பிள்ளைகள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு வேலைகளை இப்படி மறுத்து, மேனேஜரிடம் திட்டு வாங்கியிருந்தார். இன்னொன்று மறுத்தால் என்ன ஆகும் என்று அமைதியாக எடுத்துச் சொன்னேன். மிரட்டவில்லை. அவர் நல்லதுக்காகச் சொல்கிறவன்போலத்தான் சொன்னேன், அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மாட்டினார். வேலை முடிந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் 'காற்றோட்டம்: ஆம், இல்லை' என்று ஒரு வரி. அந்த வரியில் எதுவும் போடாமல், கீழே மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

'ஆம்' என்பதில் குறி போட்டது நான். என் பேனா. வேண்டுமானால் மையைப் பரிசோதித்துப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா போன் செய்தார். மகளுக்குக் குளித்துவிட்டு வந்ததும் தலை சுற்றுகிறதாம். "காலையில சாப்பிட்டுட்டுக் குளிக்கிறாளா, சாப்பிடாமலா?" என்று கேட்டேன். சாப்பிடாமல்தான் என்றார். "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாமே இப்படித்தாம்மா. வெறும் வயித்துல வெந்நீர் பட்டா ரத்த அழுத்தம் இறங்கும். ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுக் குளிக்கச் சொல்லுங்க" என்றேன். நன்றி சொன்னார். தன் அச்சகத்தில் வேலை செய்கிற ஒருவர் வீட்டு முகவரியும் கொடுத்தார். புகார் சொல்ல வந்தவரிடமே புது வாடிக்கையாளரை வாங்குவது எல்லோருக்கும் கைவராது. எதிர் மேஜைப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் சத்தமாகவே பேசியிருக்கிறேன்.

அந்தப் பக்கம் போனபோது வீட்டில் எட்டிப் பார்த்தேன். மகள்தான் இருந்தாள். எனக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். "வாங்க வெந்நீர் அங்கிள்" என்றாள். அம்மா கதவைச் சாத்தாமல் ஒரு முக்காலியை வைத்துத் திறந்துவைத்துக் குளிக்கச் சொல்வதாகவும், அவள் உள்ளே இருக்கும்போது அம்மா நடையில் நின்று காவல் காப்பதாகவும் சொல்லிச் சிரித்தாள். "காலில ஜில்லுனு காத்து வருது அங்கிள். வெந்நீர் வாங்கினதே வேஸ்ட்."

என் பையில் கதவிடுக்கில் ஒட்டுகிற ரப்பர் பட்டை இருந்தது. குளிர்காலத்தில் நல்ல வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுப்போம். அளவெடுத்து, வெட்டி, நானே குனிந்து கதவுக்குக் கீழே ஒட்டிக் கொடுத்தேன். முக்காலியைக் கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். கதவைச் சாத்திக் குளித்தால்தான் சூடு நிற்கும், கேஸும் வீணாகாது என்றேன். அவள் கதவைச் சாத்திப் பார்த்து, "சூப்பர்" என்றாள்.

எதற்காக ஒட்டினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த முக்காலிதான் காரணம். அந்த அம்மா என்னிடம் சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வேண்டாம் என்றே வைத்திருந்தார். அந்த விற்பனை இன்னும் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டார். மகள் குளித்துவிட்டு வந்து நடையில் விழுந்துவிட்டாள் என்றார். பிஸ்கட் சாப்பிட்டிருந்தாள் என்றார். குரல் உயரவில்லை. "தயவுசெஞ்சு கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுங்க தம்பி. காசுகூடத் திருப்பித் தர வேண்டாம்."

உடனே போனேன். வழியெல்லாம் அந்த வெள்ளைப் பலகையைப் பற்றி நினைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைக்கவில்லை. அவர் சொன்ன 'காசுகூட வேண்டாம்' என்பதைத்தான் நினைத்தேன். அவ்வளவு நிச்சயமாக என்னிடம் யாரும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீங்க யாரையும் நம்ப வேண்டாம்மா. நான் உள்ள போறேன். கதவைச் சாத்திக்கிட்டுப் பத்து நிமிஷம் தண்ணியைத் திறந்துவிட்டுட்டு இருக்கேன். எனக்கு ஏதாவது ஆனா நீங்க சொன்னது சரி" என்றேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன்.

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன். வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். வெந்நீர்க் குழாயை முழுதாகத் திறந்தேன். சுவரில் கீசரின் சின்னக் கண்ணாடிக்குள் நீலமாக எரிந்தது. முதல் நாலைந்து நிமிஷம் ஒன்றுமில்லை. வெளியே அவள், "ஆறு" என்று சொன்னபோது நெற்றிப்பொட்டில் யாரோ துணியைச் சுற்றி இறுக்குவதுபோல் இருந்தது. நீலத்தில் மஞ்சள் கலந்திருந்தது. "எட்டு" என்றபோது தரையிலிருந்த டைல்ஸ் கோடுகள் வளைந்தன. எழுந்து பார்த்தேன். முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் மடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது தெரிந்துவிட்டது. அந்த வரியில், அந்த 'மட்டும்' என்ற சொல்லில் என்ன இருக்கிறது என்று என் தலைக்குள்ளேயே தெரிந்தது. மூச்சு வாங்கியது. கதவு ஒரு கையெட்டும் தூரத்தில் இருந்தது.

பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தேன். பத்து நிமிஷம் இருந்தேன்.

குளிர்ந்த நீரில் முகத்தைக் கழுவி, கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்தேன். சரியாக வந்தது. கதவைத் திறந்தேன்.

"பாருங்கம்மா. எப்படிப் போனேனோ அப்படியே வந்திருக்கேன்."

"முகமெல்லாம் சிவந்திருக்கே அங்கிள்" என்றாள் மகள்.

"ஆவி பட்டதும்மா. பார்லர்ல இதுக்கே காசு வாங்கறாங்க."

அவள் சிரித்தாள். அந்த அம்மா என் முகத்தை ஒரு பக்கத்தைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழே படித்தார். நான் அசையாமல் காட்டிக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் அவர் தோள் தளர்ந்தது.

"மன்னிச்சிடுங்க தம்பி. எனக்குத் தொழில் புத்தி. எதைப் பார்த்தாலும் தப்பைத் தேடறேன். இவ சொல்ற மாதிரி நான் ஒரு பைத்தியம்" என்றார். மகளை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ரத்தச்சோகை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சரி என்றார்.

தெருமுனை மருந்துக்கடைக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். கடைப் படியில் உட்கார்ந்தேன். வந்த பஸ்களின் எண்களைப் படிக்க முடியவில்லை. கையில் போன் இருந்தது. கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கதவைத் திறந்துவைத்துக் குளிக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். கீசரைக் குறைசொல்லாமலே அதைச் சொல்ல எனக்குப் பத்து வழி தெரியும். ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அதற்குள் 'நீங்கள் கேட்டது சரி' என்று ஒன்று இருந்தது. இப்போதுதான் அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

போனைப் பையில் வைத்தேன். பஸ் எண்கள் தெளிவாகத் தெரிந்ததும் ஏறி வீட்டுக்கு வந்தேன். திங்கட்கிழமை காலையில், புகார் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த வாரம் இரண்டு விற்றேன். இரண்டும் ஜன்னலுள்ள வீடுகள். ஜன்னல் திறக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் விற்றேன்.

சனிக்கிழமை காலை அது நடந்தது. அவளுக்குக் கல்லூரியில் ஏதோ பேச்சுப்போட்டி. தலைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும் என்றிருக்கிறாள். அம்மா அச்சகத்துக்குப் போய்விட்டார். இப்போது நடையில் காவல் நிற்க வேண்டியதில்லையே. பத்து மணிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார், எடுக்கவில்லை. மேடையில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் விடாமல் ஓடுகிற சத்தம் கேட்டு மாடிக்கு வந்து கதவைத் தட்டியபோது பதினொன்றரை.

மறுநாள் நான் போனேன். போக வேண்டும் என்று தோன்றியது, போனேன். கூடத்தில் ஜனம் நிறைந்திருந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"சாப்பாட்டைத் தட்டுல போட்டு மூடி வச்சிட்டுத்தான் தம்பி போனேன். தட்டு மூடினபடியே இருக்கு. சாப்பிடாமக் குளிக்கப் போயிருக்கா" என்றார். "வெறும் வயித்துல தலை சுத்தி விழுந்திருப்பா. இல்லையா?"

"ஆமாம்மா" என்றேன்.

"நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கூடவே இருந்து ஊட்டிவிட்டுட்டுப் போயிருக்கணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்களிடம், "இந்தத் தம்பி தன் உடம்பையே வச்சுச் சோதிச்சுக் காட்டினாரு" என்றார். அவர்கள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். துணிகளை எடுத்துக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனையில் நச்சுவாயு என்று வந்ததும், படிவத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்து நீங்கள் ஸ்பேனரைக் கைதுசெய்தீர்கள். முதலில் மாட்ட மறுத்ததாகவும், குறியைத் தான் போடவில்லை என்றும் அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவருக்காகத்தான் நான் இங்கே வந்தேன் என்று வாசலில் இருந்த காவலர் நினைக்கிறார். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார். ஸ்பேனர் வெளியே வந்தால் நல்லதுதான். அவருக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனால் நேற்று வரை நான் வருவதாக இல்லை. நேற்று கம்பெனி வக்கீல் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். "உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது, தாள்ல இருந்ததை அப்படியே ஒப்பிச்சேன்னு சொல்லிடுங்க. விக்கிறவங்களுக்கு விவரம் எங்க தெரியும்? அந்தம்மாவும் கேஸ் போடற எண்ணத்துல இல்ல. படிச்சவங்களா இருந்தாலும் பாவம், வெகுளி. யார் வந்து கேட்டிருந்தாலும் வாங்கியிருப்பாங்க" என்றார். கையெழுத்துப் போடத் தாளும் கொண்டுவந்திருந்தார்.

அந்தத் தாளைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லை என்று தெரிந்து விற்றேன். குறியை நான் போட்டேன். பட்டையை நான் ஒட்டினேன். அந்த அறையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அந்தப் பெண் செத்தது என்னால்தான். எந்தத் தண்டனை கொடுத்தாலும் நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் திருத்த வேண்டும். நீங்கள் 'வெகுளியான ஒரு பெண்ணை ஏமாற்றி' என்று எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அவர் வெகுளி இல்லை. மூன்று முறை வேண்டாம் என்று சொன்னவர், சின்ன எழுத்தையும் விடாமல் படித்தவர், எல்லாவற்றையும் சரியாகக் கேட்டவர். அப்படிப்பட்டவரைச் சம்மதிக்க வைப்பது சாதாரண வேலை இல்லை ஐயா. எங்கள் கிளையில் வேறு யாராலும் முடிந்திருக்காது.